ஸ்கெட்ச்அப் டூல்பாரை நம்ம கைக்குத் தக்கபடி அடுக்குவோமா? | கானாடுகாத்தான் வீட்டு வேலை

வணக்கம் மக்களே. இன்னிக்கு கானாடுகாத்தான்ல ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டு வளவுல, அதான் தூணு சுத்தி நிக்கிற முற்றத்துல, உக்காந்து பேசுறேன். பின்னாடி புறா சத்தம் கேக்கும், பொறுத்துக்கங்க.

இந்த வீட்ட அளந்து ஸ்கெட்ச்அப்ல, அதான் கம்ப்யூட்டர்ல 3டி மாடல் வரையுற சாஃப்ட்வேர்ல, ஏத்திக்கிட்டு இருக்கேன். முகப்பு, வளவு, அதுக்குப் பின்னாடி ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு இந்தத் தெருவுல நுழைஞ்சா அடுத்த தெருவுல போயி முடியுற வீடு. பங்காளிங்க நெறைய. எந்தக் கூரைய மொதல்ல பிரிச்சு மேயுறதுன்னு பேச போன வாரம் வீடியோ கால் போட்டாங்க. சிங்கப்பூர்லேர்ந்து ஒரு ஐயா, "தம்பி, ரெண்டாங்கட்ட மட்டும் வெட்டிக் காட்டுங்க"ன்னாரு. செக்‌ஷன் பிளேன் ஐகான், அதான் மாடல வெட்டி உள்ள காட்டுற டூலு, எங்கன்னு தேடுறேன், தேடுறேன், காணோம். மூணு வரிசை டூல்பார், ஒவ்வொண்ணும் எறும்பு சைஸு. பக்கத்துல இருந்த ஆச்சி, "என் கண்ணாடிய வேணா போட்டுப் பாக்குறியாப்பா?"ன்னாங்க. மானம் போச்சு.

சரி, ஸ்க்ரீனுக்கு வாங்க. நம்ம எல்லாரும் பண்ற தப்பு, கண்ணுல பட்ட டூல்பாரையெல்லாம் ஆன் பண்ணி வைக்கிறது. இங்க பாருங்க, கோடு, செவ்வகம், புஷ் புல், மூவ். இதுக்கெல்லாம் கீபோர்டுலயே எல், ஆர், பி, எம்னு ஒத்தை எழுத்து இருக்கு. அப்புறம் ஐகான் எதுக்கு இடத்த அடைச்சுக்கிட்டு? நிமிஷத்துக்கு நாலு தடவ பண்ற வேலை விரல்ல இருக்கணும். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா பண்ற வேலைக்குத்தான் டூல்பார். இது என் கணக்கு. புதுசா கத்துக்கிறவங்க மட்டும் கொஞ்ச நாள் ஐகான வச்சுக்கங்க, தப்பில்ல.

விரல் வேலைன்னா எப்படின்னு காட்டுறேன். இந்த வளவுத் தூணு. செலக்ட் பண்ணி எம் அடிக்கிறேன், காப்பி எடுக்க கன்ட்ரோல ஒரு தட்டு, இப்படி இழுக்குறேன், 7 அடின்னு அடிச்சு என்டர். உடனே 11, பக்கத்துல எக்ஸ், என்டர். பாத்தீங்களா, பழையதோட சேத்து 12 தூணு வரிசையா நிக்குது. மவுஸ் டூல்பார் பக்கமே போகல.

இப்ப டூல்பார். வியூ மெனுல டூல்பார்ஸ், அதுல நியூ. பேரு "வளவு"ன்னு வச்சிருக்கேன். இந்தப் பெட்டி திறந்திருக்கும்போதுதான் ஐகான இழுத்துப் போட முடியும், மூடிட்டா நகராது. அப்புறம் முக்கியமா, கன்ட்ரோல அழுத்திக்கிட்டே இழுங்க. நான் அழுத்தாம இழுத்துட்டு, பழைய இடத்துல ஐகான் இல்லையேன்னு அர மணி நேரம் முழிச்சேன். அப்படி ஆச்சுன்னா அந்த டூல்பார் பேரச் செலக்ட் பண்ணி ரீசெட் கொடுங்க, வந்துரும்.

எந்த வரிசைல வைக்கிறது? ஆத்தங்குடில டைல்ஸ் போடுற அண்ணன் ஒருத்தரப் பாத்துக்கிட்டு இருந்தேன். கண்ணாடி மேல அச்சு வைக்கிறாரு, அறை அறையா கலர் ஊத்துறாரு, அச்சத் தூக்கிட்டு காஞ்ச சிமென்ட் மணலத் தூவுறாரு. ஒரு தடவகூட எந்திரிக்கல. கலர் டப்பாவெல்லாம் முழங்கைக்குள்ளயே இருக்கு. நானும் அப்படித்தான் அடுக்கினேன். மொதல்ல ஃபாலோ மீ, ஒரு வடிவத்த ஒரு பாதை வழியா ஓட்டுற டூலு, தூணு அடில இருக்குற கடைசலுக்கு. அதுக்கு ஷார்ட்கட்டே வரல பாருங்க. அடுத்து செக்‌ஷன் பிளேன். அதுக்கு ஒட்டி ரெண்டு: பிளேன மறைக்கிறது ஒண்ணு, வெட்ட மறைக்கிறது ஒண்ணு. பிளேன மட்டும் மறைச்சா அந்தக் கலர் சட்டம் போயிரும், வெட்டு மட்டும் சுத்தமா நிக்கும். படம் அனுப்ப இது போதும். கடைசில எக்ஸ்ரே, சுவரு ஊடுருவித் தெரியும், உத்தரம் எங்க உக்காருதுன்னு பாக்க. அவ்வளவுதான். பிளக்இன் எதுவும் வேணாம்னுட்டேன், எனக்கு அதுங்க மேல நம்பிக்கை கம்மி.

மெனுக்குள்ள ஒளிஞ்சிருக்குறதுக்கு விண்டோ, ப்ரிஃபரன்சஸ், ஷார்ட்கட்ஸ் போங்க. மேல பேரு அடிச்சாத் தேடிக் கொடுக்கும். "ஹைட் ரெஸ்ட் ஆஃப் மாடல்"க்கு நான் ஐ எழுத்தக் கொடுத்திருக்கேன். ஒவ்வொரு கட்டும் ஒரு குரூப். ரெண்டாங்கட்டுல டபுள் கிளிக், ஐ. பாருங்க, முகப்பு, வளவு எல்லாம் மறைஞ்சுருச்சு. சிங்கப்பூர் ஐயா கேட்டது இதான்!

ஷார்ட்கட்ட எக்ஸ்போர்ட் பண்ணி பென்டிரைவ்ல போட்டு வச்சுக்கங்க. டூல்பார் அதுகூட வராது, ஆபீஸ் சிஸ்டத்துல மறுபடி கையாலதான் அடுக்கணும். நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன். சரி, மெத்தை, அதான் மேல்மாடி, அளக்கணும், டேப் பிடிக்கிற தம்பி மாடிப்படில நிக்கிறான். வரேன்.