கூட்டுக்கதையில் நைட்: எங்கே பாய்வது, எங்கே நிற்பது

நேயர்களுக்கு வணக்கம். ஐரோப்பிய இடைக்காலத்தைக் களமாக வைத்து, நாலைந்து பேர் முறை போட்டு எழுதும் கூட்டுக்கதையில் நைட் (knight, கவசம் அணிந்த குதிரைவீரன்) பாத்திரத்தை எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒருவர் நுழைந்த கையோடு மூன்று பேரை வெட்டிச் சாய்த்துவிடுவார். இன்னொருவர் மதில்மேல் நின்றபடி, "எச்சரிக்கையோடு கவனித்தான்" என்றே ஒவ்வொரு முறையும் எழுதுவார். என்னைக் கேட்டால் இரண்டாமவரால்தான் கதை சீக்கிரம் படுத்துவிடும். அத்துமீறுபவரிடம் எதை நிறுத்த வேண்டும் என்று சொல்லலாம். சும்மா நிற்பவரிடம் எதைச் சொல்வது?

துணிச்சலை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள், விளைவை மட்டும் எழுதாதீர்கள். "என் வாள் அவன் தோளைப் பிளந்தது" என்றால் அடுத்தவரின் பாத்திரத்தை நீங்களே ஆட்டிவைக்கிறீர்கள். "வாளைத் தலைக்குமேல் ஓங்கி அவன் இடது தோளைக் குறிவைத்தான், ஓங்கியதில் தன் வலது அக்குள் திறந்துகொண்டதைக் கவனிக்கவில்லை" என்று எழுதிப் பாருங்கள். அக்குளைப் பெரும்பாலும் சங்கிலிக் கவசம்தான் காக்கும். எதிராளி தடுக்கலாம், விலகலாம், அங்கேயே குத்தலாம். ஒரு முறைக்கு ஒரு செயல், அதில் ஒரு திறப்பு. நாலு செயலை அடுக்கினால் எதற்குப் பதில் எழுதுவது என்று அவர் திணறிப்போவார்.

கவசத்தையும் பயன்படுத்துங்கள். 15ஆம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம் சுமார் 20 முதல் 25 கிலோ. எடை உடலெங்கும் பரவுவதால் ஓடலாம், குதிரை ஏறலாம். பாரம்தூக்கி வைத்து ஏற்றினார்கள் என்பது வெறும் கட்டுக்கதை. ஆனால் தலைக்கவசத்தின் முகமூடியை இறக்கினால் பக்கவாட்டில் எதுவும் தெரியாது, மூச்சும் முட்டும். தூக்கினால் முகம் அம்புக்கு இலக்கு. இறக்குவதா தூக்குவதா என்ற தீர்மானமே ஒரு முறைக்குப் போதும்.

1250இல் எகிப்தின் மன்சூராவில் நடந்ததைப் பாருங்கள். பிரெஞ்சு மன்னர் 9ஆம் லூயியின் தம்பி ராபர்ட், பின்னால் வரும் படைக்காகக் காத்திருக்கச் சொன்னதைக் கேட்காமல் நகருக்குள் குதிரையை விரட்டினார். குறுகிய தெருக்களில் சிக்கி அவரும் உடன் போனவர்களில் பெரும்பாலோரும் மாண்டார்கள். 'போகாதே' என்று ஒருவர் சொன்னதால்தான் அந்தப் பாய்ச்சலுக்குக் கதையில் கனம். அந்த வசனத்தை இன்னொருவரின் பாத்திரத்துக்கு விட்டுக்கொடுங்கள்.

தோற்றால் சாகத்தான் வேண்டும் என்பதில்லை. உயர்குடி நைட் பிடிபட்டால் மீட்புப்பணம் கேட்பதே வழக்கம். 1356இல் பிரான்சின் புவாத்தியேவில் நடந்த போரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட பிரெஞ்சு மன்னர் 2ஆம் ஜானுக்கு 1360 ஒப்பந்தத்தில் பேசிய தொகை 30 லட்சம் பொற்காசு! கைதி பேரம் பேசலாம், வாக்குக் கொடுக்கலாம், அதை மீறவும் செய்யலாம்.

நிதானமான நைட்தான் வேண்டுமென்றால் அந்த நிதானம் கண்ணில் படட்டும். ஒற்றனை அனுப்பட்டும், அம்புகளை எண்ணட்டும், சபை நடுவே பிரபுவின் கட்டளைக்கு 'முடியாது' என்று சொல்லட்டும். அப்போது பிரபுவாக எழுதுபவர் சும்மா இருக்க முடியாது. காயம் எதுவரை போகலாம், பாத்திரம் சாகலாமா என்பதை மட்டும் சண்டை தொடங்குமுன் கதைக்கு வெளியே பேசி முடித்துவிடுங்கள். வாள் உருவிய பிறகு பேச்சு எடுபடாது.