பழைய புத்ரா கூபேயா, பெசா செடானா?

(காட்சி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டம். சிவப்புக் கூபே ஒன்று வேகத்தடையில் குறுக்காக ஊர்ந்து ஏறுகிறது.)

வணக்கம். இந்தச் சிவப்புக் காடி என் சித்தப்பா மகனுடையது. புரோட்டோன் புத்ரா, 1996இல் வந்த இரண்டு கதவுக் கூபே. அடிவயிறு தட்டிவிடக் கூடாதென்று ஸ்டியரிங்கை ஒடித்து ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுகிறான். பின்னால் வரும் வெள்ளைக் காடி பெரோடுவா பெசா, 2016இல் அறிமுகமான செடான். பக்கத்து வீட்டு அண்ணனிடம் இரவல் வாங்கியது. என் சொந்தத் தம்பி தன் முதல் காடியை வாங்கப் போகிறான். இரண்டில் எது என்பதுதான் கேள்வி.

புத்ராவில் மிட்சுபிஷியின் 1,834 சிசி எஞ்சின். ஏறக்குறைய 140 குதிரைத்திறன். 1.3 லிட்டர் பெசாவுக்கு 95தான். ஆனால் அந்தப் பெரிய எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றைத் தாண்டிய பிறகுதான் விழித்துக்கொள்ளும். குலை ஏற்றிய லாரிக்கு வழிவிட்டு, மாட்டுக்கு நின்று, இரண்டாம் கியரில் போகிற செம்மண் பாதையில் அந்தச் சுற்று எங்கே கிடைக்கும்? பெசா 4,000 சுற்றிலேயே தன் முழு இழுவிசையையும் கொடுத்துவிடுகிறது; உடம்பும் இலேசு. ஈப்போ நெடுஞ்சாலை வேறு கதை. அங்கே புத்ரா பாடத் தொடங்கினால் எனக்கும் பெசா மறந்துபோகும்.

(காட்சி: பாட்டி கூபேயின் பின்னிருக்கைக்குள் ஏற முயல்கிறார்.)

முன்னிருக்கையை மடக்கி, தலையைக் குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்தாயிற்று. சேலைத் தலைப்பு இருக்கைப் பட்டியில் மாட்டிக்கொண்டது. "இதுக்குள்ள படுத்துக்கிட்டா போகணும்?" என்றார். பெசாவுக்கு நான்கு கதவு. பின்பெட்டி 508 லிட்டர். சந்தை மூட்டைகளும் அரிசிப் பையும் சேர்ந்தே அடங்கும்.

இப்போது பணம் தின்னும் இடத்துக்கு வருவோம். புத்ராவின் எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. மேலே வால்வுகளும் கீழே பிஸ்டன்களும் ஒன்றோடொன்று முட்டாமல் தாளம் பிடிப்பது அதுதான். பால்மரம் சீவிய ஊர்க்காரர்களுக்கு ரப்பரைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? சூட்டிலும் எண்ணெய்க் கசிவிலும் அது விறைத்து வெடிப்பு விடும். காடி ஓடாமல் கொட்டகையில் நின்றாலும் வயது ஏறும். ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் வால்வை மோதி வளைத்துவிடும். பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான். பெசாவில் இருப்பது இரும்புச் சங்கிலி. எண்ணெயை ஒழுங்காக மாற்றினால் போதும்.

சாலை வரி ஆண்டுக்கு பெசாவுக்கு 70 வெள்ளி (ரிங்கிட்), புத்ராவுக்கு 297.

(காட்சி: புத்ராவின் முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சின்னப் பெட்டி திறக்கிறது.)

பெல்ட் மாற்றிய ரசீது எங்கே என்று கேட்டேன். பழைய பார்க்கிங் சீட்டுகள் இரண்டும் ஒரு விபூதிப் பொட்டலமும் கிடைத்தன. தம்பி ஒன்றும் பேசாமல் பெசாவின் சாவியைக் கேட்டான், இன்னொரு சுற்று ஓட்டிப் பார்க்க. பாட்டி அதற்குள் அதன் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.