பால் திருடியது யார்?

வணக்கம். ஓடில்லா நத்தையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு பழியைக் கழுவ வேண்டும்.

குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. ஒரு ஆடி மாதம், பிளாஸ்டிக் மழைக்காப்பு கட்டியும் சிரட்டையில் பால் குறைந்துகொண்டே வந்தது. பட்டையில் கோடு வெட்டிப் பால் எடுக்கிற அண்ணன் மேல் எனக்குச் சந்தேகம். வாய்விட்டுச் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்திருக்கும் போல. "வெட்டி முடிச்ச கையோட வந்து பாருங்க சார்" என்றார். இருட்டு விலகாத நேரம், டார்ச்சோடு போனேன். வெட்டுக்கோட்டின் மேலேயே விரல் நீளத்துக்கு ஓடில்லா நத்தை ஒன்று படுத்துப் பாலை நக்கிக்கொண்டிருக்கிறது! அடுத்த மரத்தில் இன்னொன்று கோட்டை மறித்துக் கிடக்க, பால் சிரட்டைக்குப் போகாமல் பட்டையில் வழிகிறது. குடிப்பது கொஞ்சம், கொட்டுவது அதிகம். அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாகிவிட்டது.

டார்ச்சை மறக்காதீர்கள், திரும்பவும் அங்கேதான் வருவேன். கீரையில், வெண்டை நாற்றில் ஓட்டை விழுந்தால் உடனே புழு என்று மருந்து வாங்க ஓடுகிறோம். பூச்சிமருந்து பலவும் நத்தையை ஒன்றும் செய்யாது. காலையில் இலையில் நத்தை ஊர்ந்த தடமாகக் காய்ந்த பளபளப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால், இரவில் டார்ச்சோடு போங்கள்.

பகலில் அது கதம்பை (தேங்காய் மட்டை) குவியலிலும் சருகிலும் பதுங்கும். நாமே ஒரு பதுங்குமிடம் வைப்போமே! சாக்கை நனைத்து, அடியில் பப்பாளி இலை போட்டு மாலையில் விரியுங்கள். காலையில் புரட்டிப் பொறுக்கி, கெட்டியான உப்புக் கரைசலில் போடுங்கள். உப்பை மண்ணில் தூவாதீர்கள், பயிர்தான் கருகும். வெறுங்கையால் தொடவும் வேண்டாம். எலியிடமிருந்து வரும் ஒரு நுண்புழு நத்தைக்குள் இருக்கலாம், அது மனிதரின் மூளையுறை வரை போய்த் தாக்கும். கையுறையோ இடுக்கியோ போதும். கீரையை நன்றாகக் கழுவி, வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக. ரப்பர் மரத்தூரில் சுற்றிலும் போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் (தாமிர சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். தாமிரம் பட்ட இடத்தைத் தாண்ட அது தயங்கும். நத்தையைக் கொல்லக் கடையில் கிடைக்கும் மெட்டால்டிஹைடு குருணையை நாய், கோழி வரும் இடத்தில் போடாதீர்கள். ஓடுள்ள ஆப்பிரிக்க நத்தை பற்றியும் குறித்து வைத்திருந்தேன். இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன். வணக்கம்.