காரணம் கடைசியில் வரும் கதை

[திரையில்: டொமினிக்கன் குடியரசும் நியூயார்க்கும் தெரியும் வரைபடம்]

புலம்பெயர்ந்தோர் கதை என்றாலே புறப்பாடு, அலைச்சல், காலூன்றுதல் என்ற வரிசையை எதிர்பார்த்துப் பழகிவிட்டோம். அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் எழுதிய லத்தீனோ புனைவின் சிறந்த படைப்புகள் சில இந்த வரிசைக்குக் கட்டுப்படுவதில்லை. ஹூலியா அல்வாரெஸ் 1991இல் வெளியிட்ட ‘ஹவ் த கார்சியா கேர்ள்ஸ் லாஸ்ட் தெயர் ஆக்சென்ட்ஸ்’ நாவல் 1989இல் தொடங்கி, பின்னோக்கி நகர்ந்து, 1956இல் முடிகிறது.

[திரையில்: மலைச்சாலை, கொய்யா மரங்கள்]

டொமினிக்கன் குடியரசிலிருந்து தப்பி நியூயார்க்கில் குடியேறிய கார்சியா குடும்பத்தின் கதை இது. முதல் அத்தியாயத்தில், அக்குடும்பத்தின் நான்கு சகோதரிகளுள் ஒருத்தியான யோலாண்டா தாயகம் வந்திருக்கிறாள். கொய்யாப்பழ ஆசையில் மலைப்பக்கம் கார் ஓட்டிச் சென்ற இடத்தில் டயர் பஞ்சராகிவிட, கையில் வெட்டுக்கத்தியுடன் இரண்டு ஆண்கள் எதிரே வருகிறார்கள். அவர்கள் ஸ்பானிய மொழியில் விசாரிக்க, அவளுக்கு நா எழவில்லை. பிறகு பேசும்போதோ ஆங்கிலம்தான் வருகிறது. வந்தவர்கள் அவளை அமெரிக்கப் பெண் என்று கருதி டயரை மாற்றிக் கொடுக்கிறார்கள்.

நாவலின் இறுதிப் பகுதியில்தான், 1930 முதல் 1961 வரை நாட்டை ஆட்டிப்படைத்த சர்வாதிகாரி ட்ரூஹியோவின் ரகசியக் காவலர் இருவர் வீடு தேடி வருவதையும், அப்பா மறைவிடத்தில் ஒடுங்கிக் கிடப்பதையும் வாசிக்கிறோம். மலைச்சாலையில் யோலாண்டாவை உறைய வைத்த அச்சத்தின் வேர் இங்கே இருப்பதாக நான் வாசிக்கிறேன். நேர்வரிசையில் சொல்லியிருந்தால் கொடுங்கோலன் வில்லனாகவும் நியூயார்க் விடுதலையாகவும் எளிதில் சுருங்கியிருக்கும். இப்படிச் சொல்வதால், காரணம் அறியாமல் விளைவை மட்டும் சுமந்து வளரும் பிள்ளைகளின் நிலை வாசகருக்கும் நேர்கிறது.

[திரையில்: இரவு நெடுஞ்சாலை, நின்றுபோன லாரி]

டெக்சஸின் கிரிஸ்டல் சிட்டியில் பிறந்த இன்னொரு லத்தீனோ எழுத்தாளர் தோமாஸ் ரிவேரா, 1971இல் வெளிவந்த தம் நூலின் ஒரு கதையில், காலத்தையே நிறுத்திவிடுகிறார். வடக்கே பண்ணை வேலைக்குச் செல்லும் கூலித் தொழிலாளர்களின் லாரி விடியலுக்கு முன் பழுதாகி நின்றுவிட, நெருக்கியடித்து நிற்கும் ஒவ்வொருவரும் போய்ச் சேர்ந்ததும் என்ன செய்யலாம் என்று மனதுக்குள் பேசிக்கொள்கிறார்கள். போய்ச் சேர்வதே அலுத்துவிட்டது என்று எண்ணுகிறார் ஒருவர். பருவத்துக்குப் பருவம் கிளம்புபவருக்கு எந்த ஊர் முடிவான ஊர்?

லத்தீனோ என்ற ஒரே பெயரில் இரு நூல்களையும் அடுக்கினாலும் வர்க்க இடைவெளி பெரியது. கார்சியாக்களின் தந்தை மருத்துவர்; அவர் தப்பிச் செல்ல அமெரிக்க அதிகாரி ஒருவர் உதவுகிறார். ரிவேராவின் லாரி ஓட்டுநரோ, ஆட்களைப் பண்ணையில் இறக்கிவிட்டால் தன் பொறுப்பு தீர்ந்தது, பிறகு அவரவர் பாடு என்றுதான் நினைக்கிறான்.