கேட்காமல் கைக்கு வந்த மந்திரக்கோல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் வாசகப் பெருமக்களே, வணக்கம்.

மாயக் குடும்பக் கதைகளில் பரம்பரையாக வரும் சக்தி, வாரிசுக்கு வரமா, சுமையா? சுமையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், “புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?” என்று கேட்டு அரங்கத்தையே கைதட்ட வைத்தார். நல்ல பழமொழி. நான் அதிலேயே கொஞ்சம் நின்றுகொள்கிறேன். அண்ணே, ஒருவேளை பூனையாகவே பிறந்துவிட்டால்? அந்தப் புலி வீட்டில் அந்தக் குட்டியை என்ன செய்வார்கள்?

என்ன செய்வார்கள் என்று 1997-இல் வந்த முதல் ஹாரி பாட்டர் நாவலிலேயே இருக்கிறது. நெவில் லாங்பாட்டம் என்று ஒரு பையன். மந்திரவாதிக் குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் சின்ன வயதில் மந்திரத்துக்கான அறிகுறியே தெரியவில்லை. சொந்தத் தாத்தா முறைக்காரர் அவனைக் கடல் பாலத்தின் நுனியிலிருந்து தண்ணீரில் தள்ளிவிடுகிறார், பயத்திலாவது சக்தி வெளியே வராதா என்று. பிள்ளை மூழ்கப் பார்த்தது. எட்டு வயதில் மாடி ஜன்னலுக்கு வெளியே கணுக்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார். யாரோ தின்பண்டம் நீட்ட, கை நழுவிவிட்டது. பையன் கீழே விழுந்து பந்து மாதிரி துள்ளித் துள்ளித் தெருவரைக்கும் போனான். சக்தி இருக்கிறது! பாட்டி ஆனந்தக் கண்ணீர் விடுகிறாள்.

வாசகர்கள் சிரிக்கும் இடம் இது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, நடுவர் அவர்களே. அவன் துள்ளாமல் இருந்திருந்தால்? அந்தக் குடும்பத்தில் ஒருவருக்குக்கூட இந்தக் கேள்வி வரவில்லை. குழந்தை உயிரோடு இருப்பதைவிடக் குழந்தையிடம் சக்தி இருப்பது பெரிதாகிவிட்டது. இதையா வரம் என்கிறீர்கள்?

அடுத்து வந்த சகோதரி கர்ணனைக் கூட்டி வந்தார். பிறவிக் கவசம் அவனைக் காத்ததே என்றார். காத்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கவசத்தோடுதானே அவனைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டார்கள்? சூரியனின் கவசம் வந்தது. சூரியனின் மகன் என்ற பேர் வரவில்லை. சபையில் அவன் குலத்தைக் கேட்டபோது அந்தக் கவசம் வாய் திறந்ததா? கடைசியில் உடம்போடு ஒட்டியிருந்ததை அவனே அறுத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. நான் கேட்கிறேன் சகோதரி, வரம் என்றால் கழற்றும்போது ஏன் ரத்தம் வருகிறது?

இனி என் முக்கியச் சாட்சி. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 2004-இல் எழுதிய ‘கிஃப்ட்ஸ்’ என்ற நாவல். பரிசுகள் என்றும் சொல்லலாம், வரங்கள் என்றும் சொல்லலாம். தலைப்பைப் பார்த்தால் எதிரணியின் புத்தகம் மாதிரிதான் இருக்கும். மலைநாட்டில் குடும்பத்துக்கு ஒரு சக்தி. அப்பாவிடமிருந்து மகனுக்கு, அம்மாவிடமிருந்து மகளுக்கு. ஓரெக் என்ற பையனின் வம்சத்துக்கு வந்தது அழிக்கும் சக்தி. பார்வையும் கையசைவும் போதும், எதிரே நிற்கிற உயிர் உருக்குலைந்துவிடும். அந்த வம்சத்தின் முன்னோர் ஒருவர் தன் மனைவியையே அறியாமல் கொன்றுவிட்டுத் தன் கண்களைக் குருடாக்கிக்கொண்டவர். பையனுக்கும் சக்தி கட்டுக்கடங்காமல் வந்துவிட்டது என்கிறார்கள். அவன் ஆசையாக வளர்த்த நாய் செத்துக் கிடக்கிறது, தன் கண்தான் கொன்றது என்று நம்புகிறான். அப்பா அவன் கண்ணைத் துணியால் கட்டிவிடுகிறார்.

எண்ணிப் பாருங்கள், கண் நன்றாக இருக்கிற பிள்ளை! அம்மா படுத்த படுக்கையாகிறாள், அவள் முகத்தைப் பார்க்க முடியாது. அவள் கிடந்தபடியே மகனுக்காகக் கதைகளை எழுதி எழுதி வைக்கிறாள், படிக்க முடியாது. அந்தக் கட்டோ ஊருக்கெல்லாம் ஓர் அறிவிப்பு: என் மகன் அவ்வளவு பயங்கரமானவன், எங்கள் எல்லைக்குள் கால் வைக்காதீர்கள். பின்னால்தான் ஓரெக்குக்குப் புரிகிறது, தன்னிடம் அப்படியொரு சக்தியே இல்லை என்று. எல்லாம் அப்பா செய்ததோ என்று. அந்த அப்பாவை நான் அரக்கன் என்று சொல்ல மாட்டேன். மகன்மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனால் வம்சத்துக்குச் சக்தி இருந்தே ஆக வேண்டும் என்ற பயம், பாசமுள்ள தகப்பன் கையிலேயே அந்தத் துணியைக் கொடுத்துவிட்டதே!

அதே நாவலில் கிரை என்று ஒரு பெண். மிருகங்களைக் கூப்பிட்டால் வரும், அவளுக்கு வந்த சக்தி அது. வேட்டைக்காரர்களுக்காகக் கூப்பிட்டுக் கொடு என்கிறாள் பெற்ற தாய். மாட்டேன் என்கிறாள் மகள். நம்பி வருகிற உயிரை அம்புக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். எனக்கு இந்த நாவலிலேயே பிடித்த ஆள் அவள்தான்.

“சக்தி இல்லாவிட்டால் கதையே இல்லையே” என்று எதிரணித் தம்பி மடக்கப் பார்த்தார். தம்பி, நினைத்ததெல்லாம் நடக்கிற பிள்ளையின் கதை இரண்டு பக்கத்தில் முடிந்துபோகும். முந்நூறு பக்கம் நம்மைப் பிடித்து உட்கார வைப்பது அந்தச் சக்திக்கு அந்தப் பிள்ளை கொடுக்கிற விலை.

“அந்த நெவிலே கடைசியில் வீரனாகவில்லையா?” என்றும் கேட்டார்கள். ஆனான். எதை வைத்து ஆனான் என்று பார்க்க வேண்டும். ஐந்து வருஷம் அவன் கையில் இருந்தது அப்பாவின் மந்திரக்கோல். அடுத்தவர் கோல் நமக்கு அவ்வளவாக ஒத்துழைக்காது என்று கோல் விற்பவர் முதல் புத்தகத்திலேயே சொல்லிவிட்டார். ஐந்தாவது புத்தகத்தில், சண்டையில் அது முறிகிறது. உயிர் போகிற நேரத்திலும் அவனுக்கு வருகிற பயம், பாட்டி என்னைக் கொன்றுவிடுவாள், அது அப்பாவுடையது என்பதுதான். பிறகு அவனுக்கென்றே ஒரு கோல் வந்தது. அதற்கப்புறம் வந்தவன்தான் நீங்கள் சொல்கிற வீரன்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு காட்சி சொல்லி அமர்கிறேன். அதே ஐந்தாவது புத்தகம், மருத்துவமனை. சித்திரவதையில் புத்தி பேதலித்துப்போன நெவிலின் அம்மா மெல்ல நடந்து வந்து அவன் கையில் எதையோ வைக்கிறாள். பபிள்கம் சுற்றிய வெறும் காகிதம். இதுபோல எத்தனையோ கொடுத்துவிட்டாள், குப்பையில் போடு என்கிறாள் பாட்டி. அவன் அதைப் போடவில்லை, நடுவர் அவர்களே. தன் பைக்குள் வைத்துக்கொண்டான்.

நன்றி, வணக்கம்.