மேத்யூ வந்தாச்சா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

இன்றைய இளம்பெண்ணின் மனதில் முதலிடம் புத்தகத்துக்கா, தொடருக்கா? தொடருக்கே என்று சொல்ல வந்திருக்கிறேன். ஜேன் ஆஸ்டின் எழுதி 1813-இல் வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவல் இப்போது என் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1995-இல் அதை 6 பகுதிகளாக எடுத்த தொடரையும் பார்த்து முடித்துவிட்டேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பேசத்தான் வந்தேன். ஆனால் எதிரணித் தோழி ஒன்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டார். முதலில் அதற்குப் பதில்.

“புத்தகம் படிப்பவள் பக்கத்தையாவது புரட்டுகிறாள். தொடர் பார்ப்பவளுக்கு விரலுக்குக்கூட வேலை இல்லை, அடுத்த எபிசோட் தானாகவே ஓடும்” என்றார்.

விரலுக்கு வேலை இல்லையா? நடுவர் அவர்களே, என் பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்தபோது, வாரா வாரம் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து வைத்தவர் அவர். ‘தொடரும்’ என்ற சொல்லோடு ஏழு நாள் வாழ்ந்தவர். இன்று அவருக்கு மாகுலர் டிஜெனரேஷன் என்ற கண் நோய். பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது, ஓரம்தான் மிச்சம். எழுத்தைப் பார்த்தால் எழுத்து மறைந்துவிடும். ஆனால் திரையில் ஒருவர் நடந்து போனால் தெரியும், குரல் கேட்கும்.

அவரோடு உட்கார்ந்து ‘ஆன் வித் ஆன் இ’ பார்த்தேன். 1908-இல் வந்த ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ நாவல்தான், 2017 முதல் 2019 வரை தொடராக வந்தது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வயதான ஒரு அண்ணன், தங்கை. பண்ணை வேலைக்கு ஒரு பையனைக் கேட்கிறார்கள், தவறிப்போய் ஆன் என்ற பெண் வந்து சேர்கிறாள். ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்துவேன், தமிழில் சொல்வேன், மறுபடி ஓடவிடுவேன். முக்கால் மணி நேர எபிசோட் இரண்டு மணி நேரம் ஆகும். விரலுக்கு வேலை இல்லையாம்!

அந்த அண்ணன் மேத்யூ வாயே திறக்க மாட்டார். “உங்க தாத்தாதான்டி இது” என்றார் பாட்டி. அன்றிலிருந்து மேத்யூ எங்கள் வீட்டு மனிதர்.

ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டு, நாவலில் மட்டும் வருகிற ஒன்றைச் சொன்னேன். ஆனுக்குப் புசுபுசு கை வைத்த கவுன் வாங்கக் கடைக்குப் போகிறார் மேத்யூ. கவுன்டரில் ஒரு பெண். கூச்சத்தில் வாயில் கவுன் வரவில்லை. “தோட்டத்துச் சருகுவாரி இருக்கிறதா?” என்கிறார். வெளியே பனிக்காலம்! மறுபடி முயற்சி செய்கிறார். கடைசியில் சருகுவாரியும் 20 பவுண்டு பழுப்புச் சர்க்கரையுமாக வீடு திரும்புகிறார். கவுன் மட்டும் இல்லை.

பாட்டி சிரித்த சிரிப்பில் அன்றைக்குத் தொடர் அவ்வளவுதான். 20 பவுண்டு என்றால் 9 கிலோ. மறுநாள் வந்த அத்தையிடம் பாட்டி சொன்னபோது அது 20 கிலோ. பக்கத்து வீட்டுக்காரரிடம் அரை மூட்டை. அப்புறம் என் தம்பியின் நண்பர்கள் வந்தார்கள், மேத்யூ வண்டி பிடித்துச் சர்க்கரை கொண்டுவந்தார்!

எதிரணி கைதட்டலாம், சர்க்கரை புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் அலமாரியில் இருந்த அந்தப் புத்தகத்தைப் பாட்டியால் தொடத்தான் முடிந்தது. தொடர்தான் எங்களை ஒரே போர்வைக்குள் உட்கார வைத்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில் நாவலைப் படித்திருக்கிறேன். 37-ஆம் அத்தியாயத்தில் மேத்யூ இறந்துவிடுவார். அதைத் தெரிந்துகொண்டே பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் சீசனில் அவருக்கு மாரடைப்பு வந்தபோது என் விரல் பட்டனிலேயே இருந்தது. பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னடி ஆச்சு, சொல்லு” என்றார். தாத்தாவுக்கும் அப்படித்தான் வந்தது. என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.

மேத்யூ பிழைத்தார். 3 சீசன், 27 எபிசோட், கடைசி வரை தொடரில் அவர் சாகவே இல்லை. 37-ஆம் அத்தியாயத்தைப் பாட்டியிடம் நான் சொன்னதும் இல்லை.

முடிந்த அன்று பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “முதல்ல இருந்து போடு” என்றார்.

போட்டேன். ரயில் நிலையத்தில் அந்தப் பெண் பெட்டியோடு தனியாகக் காத்திருக்கிறாள். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், “மேத்யூ வந்தாச்சா?”

“இதோ வந்துட்டார் பாட்டி.”