சர்க்கரை குறைந்த ஈஸ்டர் கூடை: தளிர்நடைக் குழந்தைகளுக்கு எதை வைக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும்

[திரையில்: மேசை மீது வெறும் பிரம்புக் கூடை ஒன்று.]

வணக்கம். அமெரிக்காவில் மார்ச் மாதம் பிறந்ததும் கடைகளில் ஈஸ்டர் பொருட்களுக்கென்றே தனி வரிசை ஒதுக்கிவிடுகிறார்கள். சாக்லேட் முயல்கள், ஜெல்லி பீன்ஸ், கோழிக்குஞ்சு வடிவ மார்ஷ்மெல்லோ என்று அடுக்கிவைத்திருப்பார்கள். அவற்றையெல்லாம் சேர்த்துக் கண்ணாடித்தாளில் சுற்றிக் கட்டிய ஆயத்தக் கூடைகளும் பக்கத்திலேயே இருக்கும். ஒரு வயது முதல் மூன்று வயது வரையிலான குழந்தை உள்ள வீட்டில் அந்தக் கூடையை எப்படி நிரப்புவது என்பதுதான் இந்த வீடியோவின் பொருள். அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும், அவர்கள் கிறிஸ்தவர்களாக இல்லாவிட்டாலும்கூட, இந்தக் கேள்வி எழத்தான் செய்கிறது. டே கேரில் முட்டை வேட்டை, அதாவது ஒளித்து வைத்த முட்டைகளைத் தேடும் விளையாட்டு நடத்துகிறார்கள், அண்டை வீட்டார் கூடை கொடுக்கிறார்கள்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஈஸ்டர் கூடையில் மிட்டாய்தான் இருக்கும் என்பது தெரியாது. ஒளித்து வைத்ததைக் கண்டெடுப்பதும், மூடியிருப்பதைத் திறப்பதும், திறந்ததைத் திரும்ப மூடுவதும், கூடையைத் தானே தூக்கிக்கொண்டு நடப்பதுமே அந்த வயதின் மகிழ்ச்சி. கூடை என்றால் மிட்டாய் என்ற எதிர்பார்ப்பை அதற்குக் கற்றுக்கொடுப்பவர்கள் நாம்தான். ஆகவே இந்த மூன்று ஆண்டுகளில் மிட்டாயைக் குறைத்து வைத்தால் குழந்தை எதையும் இழந்ததாக உணராது என்பதோடு, பின்னாளில் வழக்கத்தை மாற்றப் போராட வேண்டிய அவசியமும் பெற்றோருக்கு வராது.

[திரையில்: தொப்பிக்குள் புல்லை நிரப்பிக் கூடு கட்டும் குழந்தைகளின் ஓவியம்.]

இந்த வழக்கத்தின் வரலாறும் நமக்குத் துணை நிற்கிறது. வண்ண முட்டைகளைக் கொண்டுவந்து வைக்கும் முயலின் கதையை, 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் தங்களோடு கொண்டுவந்தார்கள். அவர்களுடைய குழந்தைகள் தொப்பிகளைக் கூடுபோல் செய்து வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தக் கூடுதான் பிற்காலத்தில் கூடையாயிற்று. போலந்தில் வேறொரு மரபு இன்றளவும் நடைபெறுகிறது. ஈஸ்டருக்கு முந்தைய நாளான புனித சனிக்கிழமையன்று முட்டை, ரொட்டி, உப்பு, இறைச்சி, குதிரைமுள்ளங்கி ஆகியவற்றைக் கூடையில் வைத்துத் துணியால் மூடித் தேவாலயத்துக்கு எடுத்துச் சென்று, அருட்தந்தையின் ஆசி பெற்று, மறுநாள் காலை குடும்பமாக அமர்ந்து உண்கிறார்கள். பழங்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் முழுவதும் முட்டை விலக்கப்பட்டிருந்தது. ஆனால் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தவில்லை. நாற்பது நாள் சேர்ந்த முட்டைகள் ஈஸ்டர் எனும் உயிர்ப்புப் பெருவிழாவன்று உணவாகவும் பரிசாகவும் மாறியதில் வியப்பில்லை. ஆக, கூடைக்குள் முதலில் வந்தது உணவு. மிட்டாய் அதற்கு மிகவும் பின்னால் வந்து சேர்ந்தது.

சர்க்கரையைப் பற்றிய கணக்கு எளிமையானது. அமெரிக்க இதயச் சங்கம் 2016இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உணவில் சேர்க்கப்பட்ட சர்க்கரை அறவே இருக்கக் கூடாது. இரண்டு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். பால் சாக்லேட்டின் எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரைதான் என்பதால், 50 கிராம் எடையுள்ள ஒரு சிறிய சாக்லேட் முயலே அந்த நாளின் அளவு முழுவதையும் தீர்த்துவிடும்.

இனிப்பைத் தவிர்க்கிறோம் என்று எண்ணிச் சிலர் குழந்தைகளுக்கென விற்கப்படும் யோகர்ட் மிட்டாய்களையும் பழக்கூழ்ப் பொட்டலங்களையும் வாங்குகிறார்கள். பொட்டலத்தின் முகப்பில் பழப்படம் இருப்பதை நம்பாமல், பின்புறமுள்ள ஊட்டச்சத்து அட்டவணையில் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்ற வரியைப் படித்துப் பாருங்கள். இனிப்புக்காகச் சேர்க்கும், நீரை வற்றவைத்துக் கெட்டியாக்கிய பழச்சாறும் அந்தக் கணக்கில் வரும். அந்த வரியில் பூஜ்யம் இருந்தால் வாங்கலாம்.

ஆனால், இந்த வயதில் என்னைச் சர்க்கரையைவிட அதிகமாகக் கவலைப்படுத்துவது மூச்சடைப்பு. ஜெல்லி பீன்ஸ், கடினமான மிட்டாய், முழுக் கொட்டைகள், பாப்கார்ன், மார்ஷ்மெல்லோ ஆகியவை குழந்தையின் மூச்சுக்குழாயை அடைத்துவிடக் கூடியவை. நான்கு வயது நிறையும் வரை இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். பழமாயிற்றே என்று முழுத் திராட்சையை வைப்பதும் அதே அளவு ஆபத்தானது; ஒவ்வொரு திராட்சையையும் நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் தர வேண்டும்.

[திரையில்: 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் ஒரு சிறிய பொம்மை விழுகிறது.]

பொம்மைகளுக்கும் இது பொருந்தும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளைச் சோதிக்க ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையை வைத்திருக்கிறது. குழந்தையின் விரிந்த தொண்டையின் அளவை ஒட்டி அமைந்த அந்த உருளைக்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தப் பொருளையும் இந்த வயதுக்கானது என்று விற்கக் கூடாது. பந்துகளுக்கு விதி இன்னும் கடுமையானது. விட்டம் 44 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டும். வீட்டில் கழிவறைத்தாளின் அட்டைக்குழல் ஒன்றை எடுத்து, கூடையில் வைக்கப்போகும் ஒவ்வொன்றையும் அதற்குள் போட்டுப் பாருங்கள். உள்ளே நுழைந்து விழுந்துவிட்டால் அது கூடைக்கு வேண்டாம்.

வேட்டைக்குப் பயன்படும் பிளாஸ்டிக் முட்டைகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அரைக்கோள வடிவிலான பிளாஸ்டிக் மூடிகள் குழந்தையின் மூக்கையும் வாயையும் ஒருசேரக் கவ்விக்கொண்ட துயர நிகழ்வுகள் நடந்திருக்கின்றன. 1999இல் ஓர் உணவகச் சங்கிலி குழந்தைகளுக்குக் கொடுத்த பந்து வடிவப் பொம்மைப் பெட்டிகள் இதே காரணத்தால் இரண்டு குழந்தைகளின் உயிரைப் பறித்தன. 2 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எனவே பாதி பாதியாகப் பிரியும் முட்டையோடு குழந்தை விளையாடும்போது பெரியவர் ஒருவர் அருகிலேயே அமர்ந்திருக்க வேண்டும். விளையாட்டு முடிந்ததும் அவற்றை எடுத்து உயரத்தில் வைத்துவிட வேண்டும். பிரியாத மர முட்டைகளோ துணி முட்டைகளோ கிடைத்தால் அவையே சிறந்தவை.

வேறு சில பொருட்களும் ஈஸ்டர் கடை வரிசையில் அப்பாவித்தனமாகத் தோன்றும். நீரில் போட்டால் ஊதிப் பெருக்கும் டைனோசர் முட்டைகள், விழுங்கப்பட்டால் குடலுக்குள்ளும் ஊதிப் பெருக்கக் கூடியவை. ஒளிரும் முயல் பொம்மைகளில் உள்ள பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். அமெரிக்காவில் 2022இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பேட்டரிப் பெட்டிக்குத் திருகாணி போட்ட மூடி இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, பேட்டரியே இல்லாத பொம்மையை வாங்குவது நல்லது. கூடையின் அடியில் பரப்பும் பச்சைப் பிளாஸ்டிக் புல்லும் வேண்டாம்; குழந்தை அதை வாயில் போடும், வீட்டில் பூனை இருந்தால் அதுவும் விழுங்கிவிடும்.

[திரையில்: தட்டில் பசுமையாக வளர்ந்து நிற்கும் கோதுமை நாற்று.]

அந்தப் பிளாஸ்டிக் புல்லுக்கு மாற்றாகக் கோதுமையை முளைக்கவைத்துப் பசும்புல் வளர்க்கும் வழக்கம் நடு ஐரோப்பாவில் உண்டு. நம் ஊர் அம்மன் கோவில் முளைப்பாரியைப் பார்த்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதே இல்லை. கோதுமையை இரவு முழுவதும் ஊறவைத்து, தாழ்வான தட்டில் ஈரமண் பரப்பி, அதன்மேல் நெருக்கமாகத் தூவி, வெளிச்சமுள்ள சன்னலோரம் வைத்து நாள்தோறும் நீர் தெளித்தால் எட்டு முதல் பத்து நாட்களில் விரலளவு உயர்ந்துவிடும். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28 அன்று வருகிறது. மார்ச் 18ஐ ஒட்டி விதைத்தால் சரியாக இருக்கும். நீர் தெளிக்கும் வேலையைக் குழந்தையிடமே கொடுங்கள். தான் வளர்த்த புல்லின் நடுவே முட்டை இருப்பதைக் காணும் குழந்தைக்கு அந்தக் கூடை வேறு எந்தப் பரிசையும்விடப் பெரிதாகத் தோன்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி, கூடைக்குள் வைக்க வேண்டியவை. முதலிடம் அவித்த முட்டைக்குத்தான். வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்த நீரில் செங்காவி நிறமும், மஞ்சள்தூள் கரைத்த நீரில் பொன்மஞ்சளும், ஊதா முட்டைகோஸ் வெந்த நீரில் வெள்ளை முட்டைக்கு நீல நிறமும் ஏறும். ஒரு கோப்பை சாயநீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்தால், அதன் அமிலம் ஓட்டின் சுண்ணாம்பை மெல்ல அரித்து நிறம் பிடிக்கச் செய்யும். எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவு அடர்த்தி கிடைக்கும். இரவு முழுவதும் ஊறவைப்பதானால் குளிர்பெட்டிக்குள் வைத்தே ஊறவைக்க வேண்டும். அவித்த முட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. குளிர்பெட்டியில் இருந்தாலும் ஒரு வாரத்துக்குள் உண்டு முடிக்க வேண்டும். முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மர முட்டைகளே போதும். அவற்றின்மீது வண்ணம் தீட்டுவது பெரிய பிள்ளைகளுக்கு நல்ல வேலை.

இனிப்பு வேண்டும் என்றால் பழம் இருக்கிறது. சிறிய மாண்டரின் ஆரஞ்சுகள் மூன்றைக் கூம்பு வடிவ ஒளிபுகும் உறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வாயைப் பச்சை நாடாவால் கட்டினால் கேரட் வடிவம் வந்துவிடும். உறையையும் நாடாவையும் பெரியவர் பிரித்து எடுத்துவிட்டு, சுளைகளைத் தோலும் விதையும் நீக்கிச் சிறு துண்டுகளாக்கித் தரலாம். இளவேனிலில் நன்றாகக் கிடைக்கும் ஸ்ட்ராபெரியை நறுக்கி வைக்கலாம். உலர்திராட்சை பல்லில் ஒட்டிக்கொள்வதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிளாஸ்டிக் முட்டைக்குள் மிட்டாய்க்குப் பதிலாக எதை வைப்பது என்று பலர் தயங்குகிறார்கள். கைக்குட்டை அளவுள்ள மெல்லிய வண்ணத் துணியைச் சுருட்டித் திணித்து வையுங்கள். குழந்தை நுனியைப் பிடித்து இழுக்க இழுக்கத் துணி வெளியே வந்துகொண்டே இருக்கும். மறுபடியும் திணிக்கச் சொல்லி அது உங்களிடம் நீட்டும். கோடைக்கான புதிய காலுறைகளை மடித்து வைக்கலாம். கலகலக்கும் முட்டை வடிவ இசைக்கருவி இந்த வயதினருக்கு மிகவும் பிடிக்கும். அது உடையாத, திறக்க முடியாத ஒன்றாக இருக்க வேண்டும்.

கூடையின் நடுவே ஒரே ஒரு பெரிய பரிசு போதும். வசந்தகால மழைக்கு ரப்பர் காலணி, சிறிய பூவாளி, குழந்தையின் கைக்கு அடங்கும் தோட்டக் கரண்டி, தடித்த அட்டைப் பக்கங்கள் கொண்ட படப் புத்தகம் இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். உடன் தடிமனான தரைச் சாக்பீஸும், சோப்பு நுரைக் குமிழி ஊதும் புட்டியும் வைத்தால் நிறைவாக இருக்கும். குளியல் பொம்மை வாங்குவதானால் அடியில் துளையில்லாததாகப் பாருங்கள். துளை வழியே நீர் புகுந்து உள்ளே பூஞ்சை பிடித்துவிடுகிறது.

நிறையப் பொருட்களை அடுக்கத் தூண்டும் ஆசையை அடக்கிக்கொள்வதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தளிர்நடைக் குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் மற்றொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுக் கவனித்தார்கள். பொம்மைகள் குறைவாக இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் செலவிட்டன, அதை விதவிதமாகப் பயன்படுத்திப் பார்த்தன.

உறவினர்களிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. “மிட்டாய் வாங்காதீர்கள்” என்று மட்டும் சொன்னால் தாத்தா பாட்டிக்கு மனம் வருந்தும். “அத்தை, பாப்பாவுக்கு ஒரு பூவாளி வாங்கி வாங்க, உங்களோடு சேர்ந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள்” என்று குறிப்பிட்ட ஒரு பொருளைக் கேட்டுவிட்டால் அவர்களும் மகிழ்ச்சியோடு அதைத் தேடி வாங்குவார்கள். டே கேர் முட்டை வேட்டையில் என்னென்ன வைக்கிறார்கள் என்பதை ஆசிரியரிடம் முந்தைய வாரமே கேட்டறிந்து, தேவைப்பட்டால் துணியும் காலுறையும் வைத்த முட்டைகளை நீங்களே தயாரித்துக் கொடுத்தனுப்பலாம்.

வீட்டில் ஆறு, ஏழு வயது அண்ணனோ அக்காவோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அவர்களுடைய கூடையில் சிறிய மிட்டாய்களும் நுண்ணிய பொம்மைப் பாகங்களும் இருக்கும். சின்னக் குழந்தை நேராக அதை நோக்கித்தான் போகும். இருவரின் வேட்டையையும் தனித்தனி இடத்தில் வையுங்கள். சின்னக் குழந்தைக்கான முட்டைகளை ஒளிக்கவே வேண்டாம். புல்தரையில் கண்ணில் படும்படி ஐந்தாறை வைத்தால் போதும். பெரிய பிள்ளைகளுக்காக ஒளித்த முட்டைகள் எத்தனை, எங்கெங்கே என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வேட்டை முடிந்ததும் எண்ணிச் சரிபார்த்து, கிடைக்காமல் போனவற்றை அன்று மாலைக்குள் தேடி எடுத்துவிடுங்கள்.